தோளில் வைத்தால் மட்டும்

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் நல்ல பனி. கணபதி பஸ் ஸ்டாப்பில் எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை. மப்ளர் எடுக்காமல் போனது தப்பு. காது வலி.

கடிதம் வந்துவிட்டது. வருடாந்திரச் சுடும் பரீட்சை 18 வியாழன், போலீஸ் ரேஞ்சில். ஐந்து தோட்டா, நின்றபடி, தோளில் வைத்து. தேறாதவர் துப்பாக்கிக் காவலில் தொடர முடியாது என்று கடைசி வரி. பதினோரு வருடமாக இதே வரிதான் வருகிறது, ஒரு தடவைகூடப் படித்ததில்லை. இன்று மூன்று தடவை படித்தேன்.

காரணம்: சாயங்காலம் பேங்க் ஷட்டர் இறக்கிய பிறகு டம்மி தோட்டா போட்டு ஒத்திகை பார்த்தேன். முதல் தோட்டா ஏறியது. இரண்டாவது ஏறவில்லை. விசையை அழுத்தினால் வெறும் டிக். துப்பாக்கியின் தோட்டா அறை காலி. மறுபடி இழுத்துத் தள்ளினேன், ஏறியது. நாலாவதில் மறுபடி டிக்.

பதினோரு வருடத்தில் இந்தத் துப்பாக்கி என்னிடம் ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை.

வீட்டுக்காரி ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. ராத்திரிக்குத் தக்காளித் தொக்கு, தோசை. இரண்டோடு எழுந்துவிட்டேன். "சர்க்கரை மாத்திரை போட்டாச்சுங்களா?" போட்டாச்சு என்று பொய்.

டிசம்பர் 3, புதன்

மிலிட்டரியில் புதுப் பையன்களுக்குச் சொன்னதை இன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பம்ப் துப்பாக்கியில் மந்திரம் கிடையாது. குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் முன்பிடியை இடது கையால் பின்னே இழுத்தால், கீழ்க்குழாயிலிருந்து ஒரு தோட்டா வெளியே வந்து தகட்டில் உட்காரும். முன்னே தள்ளினால் தகடு அதைத் தூக்கி அறைக்குள் அனுப்பும். வரவில்லை என்றால் வரவிடாமல் ஏதோ தடுக்கிறது. அவ்வளவுதான்.

சந்தேகப் பட்டியல்:
1. கீழ்க்குழாயில் அழுக்கு.
2. ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும்.
3. தோட்டா சரியில்லை. வாரில் கிடந்து பச்சை பிடித்திருக்கும்.
4. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் சின்ன நாக்கு தேய்ந்திருக்கும்.

இதற்கு மேல் காரணம் கிடையாது. நாலே நாலு.

சாயங்காலம் மறுபடி சோதனை. மேனேஜர் மேடம் மேசையில் படுக்க வைத்து இழுத்தால் பத்துக்குப் பத்து. தோளில் வைத்தால் ஐந்துக்கு மூன்று. விசித்திரம். தோளில் வைக்கும்போது குழாய் கொஞ்சம் சாய்கிறது, அதனால் ஸ்ப்ரிங்கிற்குப் பாரம் மாறுகிறதோ? சந்தேகம் 2க்கு ஒரு ஓட்டு.

காலை ஒன்பதரை மணிக்கே மரகதம் டீ கொண்டுவந்து என் ஸ்டூலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனது. கிளையைக் கூட்டிப் பெருக்கும் அம்மணி. கான்ட்ராக்ட் ஆள், ஆனால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் இந்தக் கிளைக்கு வந்தது அதுதான். "டிக்காசன் தூக்கலாப் போட்டிருக்குதுங்கண்ணா, சக்கரை போடலைங்க." யாரும் சொல்லாமலே தெரியும் அதற்கு.

டிசம்பர் 4, வியாழன்

சந்தேகம் 3 தீர்ந்தது. தோல் வாரிலிருந்து தோட்டாக்களை எடுத்துப் பார்த்தால் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு. தோலில் பித்தளையை வைக்காதே என்று நானே நூறு பேருக்குப் பாடம் எடுத்தவன். துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராக உருட்டிப் பார்த்தேன். நெளிந்த இரண்டை ஒதுக்கினேன்.

பலன் இல்லை. தோளில் வைத்தால் ஐந்துக்கு இரண்டு. குறைந்துவிட்டது.

சரவணம்பட்டி செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் மறுபடி போன். ஐ.டி. கம்பெனி கேட், காருக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்க்கும் வேலை. "பேங்க்ல முடிஞ்சதும் இங்க வந்துருங்க ஹவில்தார்." முடிஞ்சதும் என்று அவனுக்கு யார் சொன்னது? வைத்துவிட்டேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறதடா எனக்கு.

வாங்க வேண்டியவை: ஷூ பாலிஷ், ஸ்டெல்லாவுக்கு மூட்டுத் தைலம், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு பல்பு.

டிசம்பர் 5, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் ஸ்டெல்லா தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தாள். குளிருக்கு உறைந்து வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கினேன். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

ஆயுத பூஜை. கிளையில் கம்ப்யூட்டர், பணம் எண்ணும் மெஷின், ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும்போது மரகதம் என் துப்பாக்கிக்கும் வைக்கும். வருடா வருடம். தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு நான்தான் இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பேன். நான் வேதக்காரன், இருந்தாலும் மறுத்ததில்லை. பிள்ளைக்கு வைப்பது மாதிரி வைக்கும், எனக்கும் பிடிக்கும். இந்த வருடம் பொள்ளாச்சியில் அதன் அண்ணன் செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுவந்து, மினுமினுப்பாக இருக்கட்டும் என்று துடைத்தது. பிறகு சந்தனத்தைக் கரைத்துத் தோட்டா போடும் வாயோரம் பெரிய பொட்டு.

கிளைக்குப் போனதும் குழாயின் மூடியைக் கழற்றினேன். ஸ்ப்ரிங்கை உருவினால் மஞ்சள். எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து பிசுபிசு என்று, குங்குமம் ஒரு கோடு. குழாயின் உள்ளே விரல் விட்டால் மெழுகு.

எனக்கு வந்த ஆத்திரம். 18ஆம் தேதி என் கழுத்தில் நிற்கிறது, இங்கே உள்ளே அபிஷேகம். மரகதம் மாப் போட்டுக்கொண்டிருந்தது. ஹாலில் நாலைந்து வாடிக்கையாளர்கள், கேஷியர், மேனேஜர் மேடம், எல்லோரும் இருந்தார்கள்.

"இது என்ன சாமி சிலையா? எந்திரம்! உன் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? ஒரு நாளைக்கு எவனாவது உள்ளே புகுந்தா, உன்னாலதான் இத்தனை பேரும் சாவாங்க!"

அது மாப்பைப் பிடித்தபடி நின்றது. "நல்லதுக்குத்தானுங்கண்ணா வெச்சேன்..." அவ்வளவுதான் சொன்னது.

துப்பாக்கிப் பதிவேட்டில் எழுதிவைத்தேன்: "துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவால் தோட்டாக் குழாயில் அந்நியப் பொருள். அதனால் தோட்டா ஏறுவதில் கோளாறு." கையெழுத்து, தேதி. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று மேடம் சொல்வார். இன்று கொஞ்சம் கூடுதல் அழகு.

டிசம்பர் 6, சனி

முழுக்கக் கழற்றிச் சுத்தம். மண்ணெண்ணெய், பிரஷ், காய்ந்த துணி, பிறகு துப்பாக்கி எண்ணெய் இரண்டே சொட்டு. ஸ்ப்ரிங் நீளம் அளந்தேன், சரியாக இருக்கிறது. நாக்கு தேயவில்லை. மேசையில் இருபதுக்கு இருபது. தோளில் மூன்று வைத்துப் பார்த்தேன், மூன்றும் ஏறின. அதோடு நிறுத்திவிட்டேன். சுத்தம் செய்ததில் இடது தோள் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

நிம்மதி. பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிப் போனேன்.

இன்று ஸ்டூலுக்குக் கீழே டீ இல்லை. மரகதம் கேஷ் கவுண்டர் வழியாகச் சுற்றிப் போனது. போகட்டும். நான்கு நாளில் சரியாகும்.

டிசம்பர் 8, திங்கள்

ஐந்துக்கு இரண்டு.

மறுபடி ஐந்துக்கு இரண்டு.

சுத்தமான குழாய், சுத்தமான தோட்டா, நல்ல ஸ்ப்ரிங், நல்ல நாக்கு. மேசையில் ஒழுங்கு, தோளில் டிக். என்ன எழவு இது. பட்டியலில் நாலும் அடித்தாயிற்று, ஐந்தாவது இல்லை.

மேனேஜர் மேடம் கூப்பிட்டார். பதிவேட்டின் நகல் ரீஜனல் ஆபீஸ் போயிருக்கிறதாம், மாதாந்திரம். அங்கிருந்து கான்ட்ராக்டர் பெயர் கேட்டிருக்கிறார்கள். "ஆயுத விசயம் இல்லீங்களா, சீரியஸா எடுத்துட்டாங்க அண்ணா." சரி என்றேன். அப்போது என் மனதில் துப்பாக்கி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

டவுனில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோக மேடத்திடம் கடிதம் வாங்கிக்கொண்டேன். புதன் காலை.

டிசம்பர் 10, புதன்

ஆட்டோவில் போனேன், துப்பாக்கி உறையில். டிரைவர்: "என்னங்ணா, நாதஸ்வரமுங்களா?" ஆமாம் என்றேன். "எங்க கச்சேரி?"

கடை ரங்கராஜ் எனக்கு எட்டு வருடப் பழக்கம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கழற்றினார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சேர்த்தார். டம்மி ஐந்து போட்டுத் தோளில் வைத்து இழுத்தார். ஐந்துக்கு ஐந்து. மறுபடி ஐந்து. வேகமாக, மெதுவாக, குழாயை மேலே தூக்கி, கீழே சாய்த்து. ஐம்பது தடவை இருக்கும். ஒரு டிக் இல்லை.

"இதுல ஒண்ணுமே இல்லீங்களே ஹவில்தாரு. சோக்கா இருக்குது. நீங்க ஒருக்கா இழுங்க பாக்கலாம்."

இழுத்தேன். இரண்டாவதில் டிக்.

அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா... பொறுங்க, பொறுங்க. முழுசா வரலைங்க. அரை இஞ்ச் நின்னு போகுது உங்க கை. முழுசா பின்னால வந்தாத்தான் தோட்டாவை விடும். நீங்க வந்துட்டதா நெனச்சுத் தள்ளிப்போடறீங்க."

"இல்லையே, இழுக்கிறேனே."

"இடுப்புல வெச்சு இழுங்க."

இடுப்பில் வைத்து இழுத்தேன். ஐந்துக்கு ஐந்து.

"மறுக்கா தோள்ல."

டிக்.

கடையில் வேறு யாரும் இல்லை. ரங்கராஜ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு டீ சொன்னார். "கையை மேல தூக்குங்க பாக்கலாம்," என்றார், குழந்தையிடம் சொல்வது போல. வலது கை விட்டத்தைக் காட்டியது. இடது கை காது வரைகூட வரவில்லை. எப்போதிலிருந்து? எனக்குத் தெரியவில்லை. என் கை எனக்குச் சொல்லவே இல்லை.

சந்தேகம் 5: நான்.

டிசம்பர் 11, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. நாள் முழுக்க வாசலில் நின்றேன். உள்ளே ஐந்து பேர், அவர்களுக்குக் காவல் நான்.

டிசம்பர் 13, சனி

இரண்டாவது சனி, லீவு. நட்சத்திரம் கட்டும் நாள். டிசம்பர் ஒன்றாம் தேதியே கட்டியிருக்க வேண்டும், நான்தான் இழுத்தடித்தேன். ஏன் இழுத்தடித்தேன் என்று இப்போது தெரிகிறது.

முக்காலியில் ஏறினேன். வலது கையால் நட்சத்திரத்தைப் பிடித்தாயிற்று, கயிறு போட இடது கை மேலே வர வேண்டும். வரவில்லை. பல்லைக் கடித்தேன். வலியில் கண்ணில் தண்ணீர். கீழே ஸ்டெல்லா பல்போடு நிற்கிறாள். பிறகு, "இறங்குங்க, நான் கட்டறேன். நீங்க சுவிச்சைப் போடுங்க."

அவள் ஏறினாள், அந்த மூட்டு வலியை வைத்துக்கொண்டு. நான் சுவிட்சைப் போட்டேன்.

சாப்பிடும்போது கேட்டேன், உனக்கு முன்பே தெரியுமா?

"ஆடி மாசத்துல இருந்து சட்டையை எடது கைப்பக்கம் முதல்ல நான்தானுங்க மாட்டி உடறேன். நீங்க பேப்பர் படிச்சுட்டே நிப்பீங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னாத் துப்பாக்கி போயிருமேனு."

ஆக, வீட்டில் இரண்டு பேர் ஐந்து மாதமாக ஒரே பொய்யைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிசம்பர் 15, திங்கள்

டாக்டர். காலை 11, பர்மிஷன் போட்டு. கையைப் பிடித்து நாலு பக்கம் திருப்பினார். தோள்பட்டை இறுகிவிட்டதாம். சர்க்கரைக்காரர்களுக்கு வருமாம். தினமும் பயிற்சி, சுவரில் விரலால் ஏறுவது, கயிறு இழுப்பது. சரியாக ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம், முழுசாக ஆகாமலும் போகலாம்.

"வேலை என்னங்க?"

"பேங்க்ல காவல்."

"அப்ப உக்காந்து பாக்கற வேலைதான, பிரச்சினை இல்ல."

மூன்று நாள் இருக்கிறது பரீட்சைக்கு. ராத்திரி வீட்டுச் சுவரில் விரலால் ஏறினேன். ஐந்தாவது செங்கல் வரை. பென்சிலால் கோடு போட்டுவைத்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

தூறல். வாசல் மேட் நனைந்து நாற்றம்.

மரகதத்துக்கு ஓலை வந்துவிட்டது. 20ஆம் தேதியோடு நிறுத்தம், கான்ட்ராக்டர் வேறு ஆள் அனுப்புகிறான். கேஷியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரகதம் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லையாம். "என்ற கையால ஆயுதம் கெட்டுப்போச்சுங்க, அவுங்க சொல்றது ஞாயந்தானுங்களே" என்றதாம். கண்ணாடிக் கதவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் கண்ணாடி மட்டும். இந்தப் பக்கம் நான் துப்பாக்கியோடு நிற்கிறேன், அது நான் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தது.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? தோள் போன துப்பாக்கிக் காவலன். அன்றைக்கே துப்பாக்கியை வாங்கி உள்ளே வைப்பார்கள்.

அப்பா ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணைக் கூலி. தோட்டத்துக்காரர் வீட்டுச் சுவரில் இரட்டைக் குழல் துப்பாக்கி மாட்டியிருக்கும். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா ஆணியைச் சுற்றி அடிப்பார், துப்பாக்கியை எடுத்து வைக்கத் தோட்டத்துக்காரரேதான் வருவார், அப்பா தொடக்கூடாது. நான் மிலிட்டரியில் சேர்ந்து முதல் லீவில் வந்து ரைபிளோடு எடுத்த போட்டோவைக் காட்டினேன். அப்பா போட்டோவில் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார்.

அந்தத் தோள்தான்.

அற்பப் பயல் நான். ஒரு பொம்பளையின் பிழைப்பை என் தோளுக்குக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து டைரி எழுதுகிறேன்.

டிசம்பர் 18, வியாழன்

ரேஞ்ச். கா. 8.00. வெயில் வந்துவிட்டது, புல்லில் ஈரம். பத்துப் பன்னிரண்டு காவலர்கள், எல்லாரும் பழைய மிலிட்டரி. எல்லோரும் கால் நொண்டுவதையும் முதுகு வலியையும் மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றோம்.

என் முறை. முதல் குண்டு இலக்கில். இழுத்தேன், தள்ளினேன், டிக். மறுபடி. சுட்டேன். மறுபடி டிக். பின்னால் யாரோ இருமினார்கள்.

பரீட்சை அதிகாரி, என்னைவிடப் பத்து வயது சின்னவர், பக்கத்தில் வந்தார். துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். 5ஆம் தேதிப் பக்கத்தில் விரல் நின்றது.

"முன்னாடியே கோளாறு எழுதியிருக்கீங்களே ஹவில்தார். அந்நியப் பொருள். உள்ள அரிச்சிருக்கும். பழசு வேற. உங்க மேல குத்தமில்லைங்க."

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன், அவ்வளவுதான்.

"அந்த ரெட்டைக் குழலை எடுத்துட்டு வாப்பா. அதுல சுடுங்க."

இரட்டைக் குழலில் இழுக்க ஒன்றுமில்லை. மடக்கி, இரண்டு தோட்டாவைக் கையால் போட்டு, நிமிர்த்தினால் முடிந்தது. அதில் ஐந்து சுட்டேன். ஐந்தும் இலக்கில். பின்னால் கை தட்டினார்கள்.

எழுதினார். காவலர்: தகுதி. பம்ப் துப்பாக்கி: பயன்பாட்டுக்குத் தகுதியற்றது, திங்களன்று ஒப்படைக்கவும், மாற்றாக இரட்டைக் குழல் வழங்கப் பரிந்துரை. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம்.

போட்டேன்.

இனி மூன்று வருடம் இரட்டைக் குழலோடு ஓட்டிவிடலாம். யாருக்கும் எப்போதும் தெரியாது. அழகான ஏற்பாடு. கிளைக்குத் திரும்பியதும் மேடம் ஸ்வீட் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். மரகதமும் ஒன்று எடுத்துக்கொண்டது. சாப்பிட்டதா, முந்தானையில் முடிந்துகொண்டதா, பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

ராத்திரி தூக்கமில்லை. துப்பாக்கிக்கு வாய் இல்லை. மரகதத்துக்கு வாய் இருந்தும் பேசவில்லை. இரண்டின் மேலும் ஏற்றிவிட்டேன்.

மா. 6 மணிக்கு அதன் வீட்டுக்குப் போனேன். பட்டறைகளுக்குப் பின்னால் லைன் வீடு. லேத் மெஷின் சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. எழுந்து நின்றது. உட்காருங்க என்று சொல்லவில்லை. இந்த ஊரில் எதிரியைக்கூட உட்காருங்க என்பார்கள்.

சொன்னேன். சந்தனம் இல்லை அம்மணி, எண்ணெய் இல்லை. அதைச் சுத்தம் செய்த பிறகும் அப்படித்தான் இருந்தது. என் கைதான். தோள் போய்விட்டது. துப்பாக்கி நன்றாக இருக்கிறது.

கையிலிருந்த காம்பைக் கீழே போட்டது.

"நெசமாவா சொல்றீங்க? சந்தனம் ஒண்ணும் பண்ணலீங்களா?"

"ஒண்ணும் பண்ணல."

"நான் பதினஞ்சு நாளா ஊட்ல சாமிக்குக்கூடப் பொட்டு வெக்கலைங்க. இந்தக் கை ராசியில்லீனு." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தது. "அன்னிக்கு எல்லாரும் நிக்கறப்ப வா போன்னு திட்டிப்போட்டீங்க. இப்ப ஆருமில்லாத நேரத்துல வந்து சொல்றீங்க."

என்னிடம் இருந்த கடைசி மரியாதையும் அந்த வாசலில் கொட்டிவிட்டது.

"போய்ட்டு வாங்க," என்றது. கீரையோடு உள்ளே போய்விட்டது.

ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். நாளைக்குப் போடும் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

டிசம்பர் 20, சனி

பனி இல்லை. சுத்தமான வானம்.

கா. 9.45. எல்லோரும் வந்தாயிற்று, வாடிக்கையாளர் இன்னும் இல்லை. மேடம், கேஷியர், கிளார்க் இரண்டு பேர், மரகதம் மாப்போடு. ஹாலுக்கு நடுவில் நின்றேன். ஒரு நிமிஷம் இங்கே வாங்க என்றேன். டம்மி ஐந்து எடுத்துக் காட்டினேன், இது வெறும் டம்மி, பயப்பட வேண்டாம். போட்டேன். துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தோளில் வைத்தேன். இழுத்தேன்.

டிக்.

மறுபடி. டிக்.

"மேடம், நீங்க வாங்க. லைசென்ஸ் உங்க பேர்லதான் இருக்கு."

"ஐயோ, நான் தொட்டதே இல்லீங்க அண்ணா."

ஐந்தையும் மறுபடி போட்டு, முதலாவதை ஏற்றிக் கையில் கொடுத்தேன். தோளில் எப்படி வைப்பது என்று காட்டினேன். மேடம் ஒல்லியான ஆள், துப்பாக்கி கனத்தில் கொஞ்சம் தடுமாறினார். முழுசா பின்னால இழுங்க, முழுசா முன்னால தள்ளுங்க. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். டம்மி வெளியே தெறித்து விழுந்தது, அடுத்தது ஏறியது. மறுபடி. மறுபடி. தரையில் டம்மிகள் உருண்டன.

ஐந்துக்கு ஐந்து.

நான் சொன்னேன், துப்பாக்கியில் கோளாறு இல்லை, சந்தனத்தால் கோளாறு வரவில்லை, மரகதம் அம்மணி மேல் நான் போட்டது பொய்ப் பழி, என் தோள் வேலை செய்யவில்லை, ஆடி மாதத்திலிருந்து.

மேடம் துப்பாக்கியை மேசையில் வைத்தார். "எதுக்கு அண்ணா இதைச் சொன்னீங்க? எல்லாம் முடிஞ்சு போச்சே." பிறகு, மெதுவாக, "இனி நான் ரிப்போர்ட் பண்ணாம இருக்க முடியாது."

தெரியும் என்றேன்.

பதிவேட்டில் 5ஆம் தேதி வரிக்குக் கீழே எழுதினேன்: "மேற்கண்ட பதிவு தவறு. துப்பாக்கி நன்றாக உள்ளது. கோளாறு காவலரிடம்." கையெழுத்து கோணிவிட்டது. மரகதத்தை நிறுத்துவது பற்றி மேடம் ரீஜனல் ஆபீஸுக்கு போன் போட்டார். திங்கள் சொல்கிறார்களாம். வேறு ஆள் ஏற்கெனவே ஏற்பாடு ஆகிவிட்டது என்கிறார்களாம். பார்க்கலாம் என்கிறார்களாம்.

தோட்டா வாரைக் கழற்றினேன். இடது பக்கக் கொக்கிக்குக் கை எட்டவில்லை. கிளார்க் கழற்றிவிட்டார். துப்பாக்கியைத் துடைத்து, மேடத்தோடு சேர்ந்து ஸ்ட்ராங் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தேன். பகல் 12.10. வாசலில் ஸ்டூல் அப்படியே இருந்தது, அதில் உட்காரவில்லை.

மரகதம் வாசல் படியைக் கூட்டிக்கொண்டிருந்தது. நான் இறங்க வழி விட்டு நின்றது. தலையை நிமிர்த்தவில்லை.

"ஏனுங்கண்ணா. வர்ற ஆயுத பூசைக்கு அதை ஆருங்க புடிப்பாங்க?"

தெரியல அம்மணி என்றேன்.

சரிங்க என்றது. மிச்சப் படியைக் கூட்டியது.